கேத்லீன் டீச்சர் விழுங்கியதும் விழுங்காததும்

முதன்முதலாக நற்கருணை அப்பம் பெறும் புதுநன்மை வாங்கப் போகும் பிள்ளைகளின் வெள்ளை முக்காடுகளைத் துவைத்து இஸ்திரி போடுவது கேத்லீனின் வேலை. யாரும் அவளிடம் ஒப்படைத்ததில்லை. ஒரு வருஷம் கோயில் அலமாரியில் அவை கரப்பான் வாடை அடித்துக் கிடப்பதைப் பார்த்து வீட்டுக்கு அள்ளி வந்தாள். அதோடு அது அவள் தலையில் விழுந்தது. வலைத்துணி சூடு தாங்காது. மேலே ஒரு கைக்குட்டையை விரித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தாமல் ஓட்ட வேண்டும். இந்த வருஷம் நின்றுகொண்டு செய்ய முடியவில்லை. முதுகில் தொடங்கி இடது விலாவைச் சுற்றி மார்புக்குக் கீழே வந்து நிற்கும் தழும்பு, கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் இழுத்துப் பிடிக்கிறது. சாப்பாட்டு மேசையில் போர்வையை மடித்துப் போட்டு, உட்கார்ந்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

எதிரே சோபாவில் டோரிஸ். கேத்லீனின் கணவன் ரெஜினால்டுக்கு அக்கா. கோயிலில் மறைக்கல்வி வகுப்புகளுக்கெல்லாம் பொறுப்பாளர். காரில் வந்து இறங்கியதும் சாவியை மேசையில் வைத்துவிட்டு, கொண்டுவந்த பப்பாளியை அடுப்படியில் வைத்துவிட்டு, வந்த விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பேரண்ட்ஸ் மீட்டிங். பிள்ளைங்களும் இருப்பாங்க. நீ கொஞ்ச நேரம் சாட்சி சொன்னா போதும் கேத்தி.”

“என்னா சாட்சி அண்ணி?”

“தெரியாத மாதிரி கேக்காத லா. ஆண்டவரை நீ வெளிய விடல, ஆண்டவரு உன்னைக் கைவிடல. அவ்ளோதான். ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்.”

“எங்கிட்ட?”

“இதோ, சொல்றேன்ல.”

கேத்லீன் கைக்குட்டையை எடுத்து அடுத்த முக்காட்டின் மேல் விரித்தாள். “பேசறேன். ஆனா நான் பேசறது வேற. நன்மை வாங்கிட்டு வாந்தி வந்தா, வாந்தி எடுங்க பிள்ளைங்களான்னு பேசுவேன்.”

டோரிஸ் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. “அப்பிடிப் பேசினா, அந்த வகுப்பு உனக்குக் கிடையாது. நான் பொறுப்புல இருக்கற வரைக்கும் கிடையாது.”

புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் அந்த வகுப்பைக் கேத்லீன் இருபது வருஷத்துக்கு மேலாக எடுத்து வருகிறாள். அவளுக்கென்று உள்ள ஒன்றைச் சொல் என்றால், வீட்டைச் சொல்ல மாட்டாள். வீடு ரெஜினால்டு பெயரில் இருக்கிறது. வகுப்பைத்தான் சொல்வாள்.

அவள் பிறந்தது மலாய் நாட்டில் நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பலகை வைத்துக் கட்டிய சின்னக் கோயில். மாதத்துக்கு ஒரு முறைதான் சாமியார் வருவார். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயிற்றுப்பிள்ளையோடு இருந்த அந்தோணியம்மா என்கிற பெண், ஆண்டவரின் உடலே என்று நம்பும் அந்த அப்பத்தை, நன்மையை, வாங்கித் திரும்பி வரும்போது கோயில் வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். உபதேசியார் அந்த இடத்து மண்ணைச் சுரண்டிச் சட்டியில் அள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தோணியம்மாவுக்குப் பெயரே மாறிவிட்டது. நன்மையைக் கக்கினவ. தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பெயர். பால் வெட்டும் காட்டில் அந்தப் பெயர். அன்று வயிற்றில் இருந்த பிள்ளை பெரியவளாகி, பெண் கேட்டு வந்தவர்கள் காதிலும் யாரோ அதைத்தான் போட்டார்கள்.

தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியபோது கேத்லீன் வீட்டார் பட்டணத்துப் பக்கம் வந்தார்கள். அவள் செங் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுச் சாமான் தொழிற்சாலையில் லைனில் உட்கார்ந்தாள். லாரி ஓட்டிய ரெஜினால்டைக் கட்டினாள். மோனிக்கா பிறந்தாள். எல்லாம் வந்தபோதும் அந்தோணியம்மாவின் பெயர் கூடவே வந்தது. வகுப்பில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, பூசையில் வைக்காத வெறும் அப்பத்தைக் கொடுத்துப் பழக்குவாள். பல்லில் ஒட்டினால் நாக்கால் எடு, விரலை விடாதே. தும்மல் வந்தால் வாயை மூடு. இருமல் வந்தால் வாயை மூடு. எது வந்தாலும் ஆண்டவர் வெளியே வரக்கூடாது. பிள்ளைகள் பயந்துகொண்டே மென்று முழுங்குவார்கள். அவள் வகுப்புப் பிள்ளை ஒன்றுகூட பீடத்தின் முன்னால் தவறியதில்லை என்று டோரிஸே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, உறவுக்காரப் பிள்ளையின் பிறந்தநாள் விருந்து. மிளகாய் அரைத்துச் செய்த இறால் சம்பல். மறுநாள் காலையில் கேத்லீனுக்கு வயிறு புரட்டியது. பேசாமல் வீட்டில் படுத்திருக்கலாம். பூசைக்குப் போனாலும் நன்மைக்கு எழுந்து போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தால், முன்வரிசையும் திரும்பிப் பார்க்கும், பின்வரிசையும் எட்டிப் பார்க்கும். என்ன பாவம் செய்தாளோ, சாமியாரிடம் அதைச் சொல்லி இன்னும் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையோ என்று வெளியே தேநீர் குடிக்கும்போது பேச்சு வரும். அதிலும் டீச்சர் உட்கார்ந்திருந்தால்?

எழுந்து போனாள். வாங்கினாள். திரும்பி வந்து முழங்காலில் நின்றாள்.

உடனே குமட்டிக்கொண்டு வந்தது. வாயை இறுக்க மூடினாள். இரண்டாவது முறை அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது, தொண்டைவரை. அவளை மீறி உதடு பிரிந்தது. பக்கத்தில் முழங்காலில் இருந்த டோரிஸ் சட்டென்று கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்கவில்லை. “முழுங்கு கேத்தி. முழுங்கு, முழுங்கு.” மூன்றாவது முறை வந்தபோது அதற்குப் போக வழியில்லை. நெஞ்சுக்குள் எதுவோ தையல் விட்டுப் போனது போலிருந்தது. மார்பிலிருந்து முதுகுக்கு ஒரு வலி பாய்ந்தது. மோனிக்காவைப் பெற்றபோதுகூட அப்படி வலித்ததில்லை. 

முழுங்கிவிட்டாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. டோரிஸ் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். “நல்ல வேளை,” என்றாள்.

முதலில் போன கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்தும் வலி குறையவில்லை. மூச்சு விட்டால் இடது தோளில் குத்தியது. ரெஜினால்டு சூடாகத் தேநீர் போட்டுக் கொடுத்தான். அதைக் குடித்ததும் இன்னும் மோசமானது. மாலையில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சு வலி என்றதும் இருதயத்தைப் பார்த்தார்கள். இருதயம் நன்றாக இருந்தது. வலிக்கு முன்னால் வாந்தி எடுத்தீர்களா என்று டாக்டர் மலாயில் கேட்டார். இல்லை என்றாள் கேத்லீன். கூட இருந்த டோரிஸையும் கேட்டார். “இல்ல டாக்டர். ஒண்ணுமே வெளிய வரல,” என்றாள் டோரிஸ், கொஞ்சம் பெருமையாகவே. இருவரும் பொய் சொல்லவில்லை. வெளியே வந்தால்தானே வாந்தி?

அந்தப் பதிலை நம்பி டாக்டர்கள் வேறு வேறு இடங்களில் நோயைத் தேடினார்கள்.

மறுநாள் காலையில் மோனிக்கா வந்தாள். மஸ்ஜித் தானாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு நேராக வந்திருந்தாள். அம்மாவின் கழுத்தை ஈரத்துணியால் துடைத்தவள் கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி விரலால் அழுத்தினாள். தோலுக்கடியில் நொறுநொறுவென்று, பொரி மூட்டையை அமுக்கியது போல. “நர்ஸ்! எங்கம்மா கழுத்துக்குள்ள காத்து இருக்கு, வந்து பாருங்க!” என்று வார்டே திரும்பும்படி கத்தினாள்.

அதன் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. படம் எடுத்தார்கள். இடது மார்புக்குள் தண்ணீர் நின்றது. விலாவில் துளை போட்டுக் குழாய் விட்டார்கள். கலங்கிய பழுப்பு நிறத்தில் வந்து பாட்டிலில் விழுந்தது. அதில் சிவப்பாக மிளகாய்த் தோல் மிதந்தது. சனிக்கிழமை சம்பல். 

இளம் டாக்டர் பாட்டிலைப் பார்த்தார், கேத்லீனைப் பார்த்தார். “மக்சிக்,” என்று அத்தையை அழைப்பதுபோல் மலாயில் அழைத்தார். “உண்மையைச் சொல்லுங்க. வாந்தி வரவே இல்லையா?”

“வந்துச்சு. தாஹான் பண்ணிட்டேன்,” என்றாள் கேத்லீன். அடக்கிக்கொண்டேன் என்பதை அந்த ஊரில் தமிழரும் அப்படித்தான் சொல்வார்கள். “வாய்க்குள்ள ஆண்டவர் இருந்தாரு.”

டாக்டருக்குப் புரியவில்லை. மோனிக்கா விளக்கினாள். விளக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டோரிஸ் அப்போது கட்டிலின் கால்மாட்டில் நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அறுவை டாக்டர் நோராய்னி குட்டையான, வேகமாகப் பேசுகிற பெண். வயிறு மேலே தள்ளும்போது வாய் திறக்காவிட்டால், அந்த அழுத்தம் உணவுக்குழாயின் அடிப்பக்கத்தில், இடது ஓரத்தில், பலமில்லாத இடமாகப் பார்த்துக் கிழித்துவிடும் என்றார். பெரும்பாலும் அளவுக்கு மீறித் தின்று குடித்து வாந்தி எடுக்கிற ஆண்களுக்கு வருவது. “இவங்க குடிப்பாங்களா?”

“குடிக்கிறவன் நான் டாக்டர்,” என்றான் ரெஜினால்டு. “கிழிஞ்சது அவளுக்கு.”

ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது, எச்சிலும் தேநீரும் சம்பலும் மார்புக்குள் ஊறிக்கிடக்கிறது, சீழ் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். திறந்து தைக்கலாம். ஆனால் ஊறிய சதையில் தையல் நிற்காமல் போகலாம். நனைந்த டிஷ்யூ தாளில் தைப்பது போல. நிற்கவே நிற்காது என்று உள்ளே பார்த்தால் தெரிந்தால், கழுத்தில் எச்சில் வெளியே போக வழி செய்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்க்கும்படி ஆகும். மேசையிலேயே உயிர் போகவும் கூடும்.

ரெஜினால்டு சுவரைப் பார்த்து நின்றான். டோரிஸ், “கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் டாக்டர். ஜெபக்கூட்டத்துக்குச் சொல்லியிருக்கேன். கைவெச்சு ஜெபிச்சதும் முடிவு பண்ணலாம்,” என்றாள்.

கேத்லீன் மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் பேசினாள். “கோயில் முக்காடு கிழிஞ்சா… வலைத்துணியில நூலு நிக்காது டாக்டர். பின்னால ஒரு துண்டுத் துணி வெச்சு, அதோட சேத்துத் தைப்பேன். உங்ககிட்ட அப்பிடி எதுவும் இல்லையா?”

டாக்டர் நோராய்னி முதல்முறையாகச் சிரித்தார். “இருக்கு. உங்க விலாத் தசையிலயே ஒரு துண்டு எடுப்பேன்.”

“அப்ப தையுங்க. பேனா குடுங்க.”

“கேத்தி, ஒரு நிமிஷம்…”

“ஜெபிக்கறவங்க ஜெபிங்க அண்ணி. இவங்க தைக்கட்டும்.”

கையெழுத்து கோணலாக வந்தது. அவளே போட்டாள்.

இடது விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, நுரையீரலை ஒதுக்கி, மார்புக்குள் ஊறியதை உறிஞ்சியெடுத்து, கழுவிக் கழுவி ஊற்றினார்கள். கிழிசல் வெளியே கட்டைவிரல் நீளம்தான். உள்படலத்தில் அதைவிட நீளமாகப் போயிருந்தது. இரண்டு முனையும் கண்ணுக்குத் தெரியும்வரை மேலிருந்த தசையைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் ஊசியை எடுத்தார் டாக்டர் நோராய்னி. செத்துப்போன ஓரங்களை நறுக்கிவிட்டு, உள்படலத்தைத் தனியாக, வெளித்தசையைத் தனியாக இரண்டு வரிசை தைத்தார். விலாவிலிருந்து இரத்த ஓட்டத்தோடு உரித்த தசைப்பட்டையை அதன் மேல் போர்த்தி ஓரம் தைத்தார். மார்பில் வடிகுழாய்கள் வைத்தார். சாப்பாட்டுக்கு என்று வயிற்றில் துளையிட்டு, சிறுகுடலுக்குள் ஒரு குழாயும் வைத்தார்.

கேத்லீன் பிழைத்தாள். உடனே இல்லை. தீவிரப் பிரிவில் சில நாட்கள் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்றே தெரியாமல் கிடந்தாள். அப்புறம் தையலில் ஓர் ஓரம் கசிந்தது. டாக்டர் பயப்படவில்லை. போர்த்திய தசை பிடித்துக்கொண்டிருக்கிறது, குழாய் வழியே வடியட்டும், தானாக மூடும் என்றார். அதுவரை வாய் வழியே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கட்டிலுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தது. வயிற்றுக் குழாயில் பால் இறங்கும். பசி அடங்கும், நாக்கு அடங்காது. பக்கத்துக் கட்டிலில் யாராவது பொட்டலத்தைப் பிரித்தால் கேத்லீன் வாசனையை வைத்தே கடையைச் சொல்லிவிடுவாள்.

அந்த வாரங்களில் அவள் வீட்டை நடத்தியது டோரிஸ்தான். அதை மறைத்துப் பேசக்கூடாது. ரெஜினால்டுக்குச் சமைத்தாள். துணி துவைத்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கேத்லீனின் தலையைச் சீவி, பின்னல் போட்டுவிட்டாள். சீவும்போது கொஞ்சம் அதிகமாகவே பேசினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் பேசவில்லை. கேத்லீனும் பேசவில்லை.

ஒருநாள் டோரிஸ் வெள்ளைச் சேலையில் வந்தாள். நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகும் பணியும் அவளுக்குண்டு. பையிலிருந்து சின்னப் பித்தளைச் சிமிழை எடுத்தாள்.

“பொடி அளவுதான் கேத்தி. நாக்கு நுனியில வெக்கறேன். தானா கரைஞ்சிரும்.”

கேத்லீன் மேலே மாட்டியிருந்த அட்டையைக் கண்ணால் காட்டினாள்.

“அது சோத்துக்கு லா. இது சோறா? ஆண்டவருடைய உடம்பு யாரை என்னா செய்யும்? வாயைத் திற.”

கேத்லீன் உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக அவ்வளவு பலமாக வாயை மூடியது அப்போதுதான். டோரிஸின் விரல்கள் உதட்டருகே வந்தன. தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் ஓடிவந்து, “தண்ணியே கிடையாதுன்னு எழுதியிருக்கு, என்ன இது?” என்று மலாயில் சத்தம் போட்டாள். டோரிஸ் சிமிழை மூடிக்கொண்டு போனாள். அடுத்த முறை தலை சீவ வந்தபோது பின்னல் இழுத்து இழுத்து விழுந்தது.

பிறகு பங்குச் சாமியார் பார்க்க வந்தபோது கேத்லீன் நேராகவே கேட்டாள். “நன்மை வாங்கிட்டு வாந்தி வந்தா என்னா ஃபாதர் செய்யணும்?”

“வந்தா வந்துட்டுப் போவுதும்மா. அப்பத்தை எடுத்துத் தண்ணியில கரைச்சு மண்ணுல ஊத்திடுவோம். அதுக்குன்னு முறை இருக்கு. சுகமில்லாதவங்க அன்னிக்கு வாங்கவே வேணாமே. அது ஒண்ணும் பாவம் இல்ல.”

“இருபது வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கறேன். இதை யாருமே எனக்குச் சொல்லலியே?”

“நீங்க கேக்கலியேம்மா.”

அன்று முழுவதும் அவளுக்குக் கோபம். சாமியார் மேல், உபதேசியார் மேல், செத்துப்போன ஒவ்வொருவர் மேலும். மண்ணில் ஊற்றினால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு ஒரு பெண்ணின் பெயரை அழித்தார்கள். நனைந்த டிஷ்யூ போலத் தன் நெஞ்சு கிழிந்தது. அந்தக் கோபத்தில்தான் அவள் எழுந்து நடந்தாள் என்று மோனிக்கா சொல்வாள். வடிகுழாய்ப் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் எட்டி எட்டி நடந்தாள். கடைசியில் எக்ஸ்ரே திரைக்கு முன்னால் நிறுத்தி, கசப்பான மருந்து ஒன்றை முழுங்கச் சொன்னார்கள். அது எங்கும் ஒழுகாமல் நேராக வயிற்றுக்குள் இறங்குவதைத் திரையில் பார்த்துவிட்டு டாக்டர் நோராய்னி அவள் தோளைத் தட்டினார். வலது தோளை.

அதுதான் கதை. அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் சொல்ல நினைத்தாள்.

“ஜெபிச்சோமே, ஊரே ஜெபிச்சுச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லையா?” என்றாள் டோரிஸ் சோபாவிலிருந்து. “டாக்டரே ஆச்சரியப்பட்டாங்க. அவ்ளோ நேரம் கழிச்சு வந்தவங்க பிழைக்கறது கஷ்டம்னு சொன்னாங்க.”

“ஏன் நேரமாச்சுன்னு யோசிச்சீங்களா அண்ணி?”

“குடிச்சிட்டு வாந்தி எடுத்தாள்னு வெளிய பேசறாங்க, தெரியுமா? நீ சாட்சி சொன்னா அந்த வாயெல்லாம் அடைஞ்சு போகும். உன் மானத்துக்காகத்தான் சொல்றேன்.”

“பேசிட்டுப் போவட்டும். அந்தோணியம்மாவைப் பேசின வாய்தானே. இன்னும் அதுக்குப் பசி தீரல.” கேத்லீன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “பிள்ளைங்க என்னை நம்பி வாயை மூடிக்கிட்டு நிக்கிதுங்க. நான்தான் மூடச் சொன்னேன். நான்தான் திறக்கச் சொல்லணும். வகுப்பை வேணும்னா எடுத்துக்குங்க. யாருக்கு வேணுமோ குடுங்க. ஆனா பேசுவேன். உள்ள விடலைன்னா வாசல்ல நின்னு, ஒவ்வொரு கார் கதவா தட்டிப் பேசுவேன்.”

“எல்லாரு முன்னாடியும் என்னைக் கேவலப்படுத்தப் பார்க்கறே.”

“உங்களையா? உங்க பேரை நான் இதுவரைக்கும் எடுத்தேனா? டாக்டர்கிட்ட சொன்னேனா? மோனிக்காகிட்ட? உங்க தம்பிகிட்ட?”

மேசையில் மடித்து அடுக்கியிருந்த முக்காடுகளின் மேல் டோரிஸின் பார்வை நின்றது. அற்புதம் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது ஏன் என்று கேத்லீனுக்கு வார்டிலேயே தெரியும். அற்புதம் இல்லையென்றால் மிச்சமிருப்பது வாயைப் பொத்திய ஒரு கைதான்.

“பிள்ளைங்க சும்மா கேட்டுட்டு இருக்காதுங்க அண்ணி. கேள்வி கேக்கும். ஒண்ணாவது எழுந்திரிச்சுக் கேக்கும். டீச்சர், உங்க வாய் திறந்துருச்சின்னீங்களே, அப்பறம் மூடினது யாருன்னு.” கேத்லீன் கைக்குட்டையை எடுத்து மடித்தாள். “நான் என்னா சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க. நீங்க என்னா சொல்றீங்களோ அதைச் சொல்றேன்.”

அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டோரிஸ் எழுந்தாள். சாவியைத் தேடினாள். அது முக்காடுகளுக்கு அந்தப் பக்கம் கேத்லீனின் கைக்கருகே இருந்தது. கேத்லீன் அதை எடுத்து நீட்டவுமில்லை, கையை நகர்த்தவுமில்லை. டோரிஸ் குனிந்து எட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். சேலை மடிப்பைச் சரிசெய்தாள்.

“சொல்லுங்க அண்ணி.”

டோரிஸ் ஹாலைத் தாண்டி, வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.